ஃபிளாஷ் இல்லாத கல்யாணம்

11.9.1979, செவ்வாய்

பதினாலாம் நம்பர் பஸ்ஸின் கியர் பெட்டி இன்றைக்கும் முடியவில்லை. தாப்பா மலை ஏறி இறங்கும் பஸ், அதன் வயிற்றைத் திறந்தால் ஒரு வாரம் போய்விடும். ஐந்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு டிப்போவிலிருந்து ஓடிவந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாள் குறித்தாயிற்று. ஜனவரி 27, ஞாயிறு, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில். தங்கச்சி மங்களத்துக்கு வயது இருபத்தெட்டு. நாங்கள் இருந்த பீடோர் ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றபோது, அப்பா அம்மா இல்லாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். அதெல்லாம் இருக்கட்டும். மாப்பிள்ளை பெயர் பத்துமலை. தாப்பாவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. அதிகம் பேசமாட்டான். அவன் பேசாததையும் சேர்த்து அவன் அம்மா இருளாயி பேசிவிடுவார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இருளாயி அத்தை சொன்னார்: "போட்டோக்காரன் நல்லவனா புடிங்க தம்பி. எனக்கு ஒரே மவன். தாலி கட்டுற படத்தப் பெருசா போட்டு வீட்டு முன்னால மாட்டணும்லா."

"போட்டோக்காரன் எதுக்கு அத்தை? நானே எடுக்கிறேன்."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நகத்தில் இன்னும் கிரீஸ் இருந்தது.

14.9.1979, வெள்ளி

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நல்லம்மாள் கேட்கவில்லை. என் பெண்டாட்டிக்குக் காரணம் தெரியும். இங்கே எழுதி வைக்கிறேன்.

1974-இல் சித்தப்பா மகள் கல்யாணம். போட்டோக்காரன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, ஃபிளாஷ் மேல் ஃபிளாஷாக அடித்தான். ஏழாவதோ எட்டாவதோ. மங்களத்தின் கண் மேலே சொருகியது. கீழே விழுந்து இழுத்தது. வாயில் நுரை. இருநூறு பேர் பார்த்தார்கள். ஒன்பது வயதிலிருந்தே அவளுக்கு இருக்கிறதுதான், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும், மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனால் அது வீட்டுக்குள் இருந்த விஷயம். அன்றைக்கு ஊர் விஷயமாகிவிட்டது. அப்புறம் மூன்று இடம் வந்து மூன்றும் நின்றுபோனது. ஓர் இடத்தில், "காக்கா வலிப்பாமே?" என்று ஆள் விட்டே கேட்டார்கள்.

வெட்டி வெட்டி அடிக்கிற வெளிச்சம் சிலருக்கு ஆகாது, இவளுக்கு அப்படித்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, எதற்கும் தள்ளியே வையுங்கள் என்றார் டாக்டர். எழுபத்தேழில் இவள் வேலை செய்கிற மெங்லெம்பு கடலை ஃபாக்டரியில் ஒரு டியூப் லைட் கெட்டுப்போய் மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியிலும் விழுந்தாள். எனக்கு அந்த இரண்டு சாட்சி போதும்.

பத்துமலைக்குத் தெரியும். இவளே பஸ் ஸ்டேஷன் கோப்பிக் கடையில் வைத்துச் சொன்னாள். நான் அடுத்த மேசையில் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். "மருந்து நேரத்துக்குச் சாப்புடுறீங்களா?" என்றுதான் கேட்டான். வேறு ஒரு கேள்வி இல்லை.

அவன் அம்மாவுக்குத் தெரியாது. அது என் ஏற்பாடு. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

"ஏமாத்துற மாதிரி இருக்குண்ணே," என்றாள் மங்களம்.

"யாரும் யாரையும் ஏமாத்தல. வாய மூடிக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான்."

ஆக, ஃபிளாஷ் கிடையாது. ஜனவரியில் காலை ஆறு மணிக்கு இங்கே கும்மிருட்டு. மண்டபத்தில் நாலு பல்பு. மணவறையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும், ஸ்டாண்டு போட இடம் இருக்காது. கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். முடியுமா?

16.9.1979, ஞாயிறு

சீனன் ஆ லோக்கின் போட்டோக் கடைக்குப் போனேன். படம் கழுவுவதும் அவன்தான், கேமரா விற்பதும் அவன்தான். என் யாஷிகாவை மேசையில் வைத்தேன். எழுபத்து மூன்றில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. லென்ஸ் 1.7, நல்ல அகலம். லென்ஸை எவ்வளவு திறப்பது என்பதை நான் வைத்தால், எவ்வளவு நேரம் திறப்பது என்பதை அதுவே வெளிச்சம் பார்த்து வைத்துக்கொள்ளும். முப்பதில் ஒரு விநாடிக்கும் கூடுதலாக நேரம் வேண்டியிருந்தால் உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். அதற்கு மேல் கையை நம்பாதே என்று அர்த்தம்.

ஆ லோக் அதைத் தள்ளி வைத்துவிட்டு, 1.4 லென்ஸோடு பெரிய கேமரா ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்து மலாயில் சொன்னான்: "லூ மாவ் கெலாப், பெகாங் தாங்கான், இனி சாஜா போலே." இருட்டும் வேண்டும், கையிலும் பிடிக்க வேண்டும் என்றால் இது ஒன்றுதான் ஆகுமாம். விலை கேட்டேன். மெதுவாகக் கீழே வைத்தேன். அவன் சிரித்துவிட்டு, வேண்டுமானால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார் என்றான்.

பிலிம் கறுப்பு வெள்ளை, வேகம் 400. அதை 800 என்று கேமராவிடம் பொய் சொல்லி எடுக்க வேண்டும், பிறகு அவன் மருந்துத் தண்ணீரில் கூடுதல் நேரம் போட்டு இழுத்துக் கொடுப்பான். கலர் வேண்டாமா என்று கேட்டேன். பல்பு வெளிச்சத்தில் பெண் ஆரஞ்சாக வருவாள், டியூப் வெளிச்சத்தில் பச்சையாக வருவாள், உனக்கு எது வேண்டும் என்றான்.

30.9.1979, ஞாயிறு

ஆயுத பூஜை. டிப்போவில் ஸ்பேனர், ஜாக்கி, ஆறு பஸ் எல்லாவற்றுக்கும் மாலையும் பொட்டும். வீட்டில் நல்லம்மாள் தையல் மெஷின், அரிவாள்மனை, என் கேமரா எல்லாம் வைத்துப் படைத்தாள். சுண்டலில் உப்பு கம்மி. சொல்லவில்லை.

7.10.1979, ஞாயிறு

காலை ஐந்தரைக்குக் கோயில் மண்டபம். காரியதரிசியிடம் சாவி வாங்கி வைத்திருந்தேன். நல்லம்மாளைப் பெண் மாதிரி பலகையில் உட்கார வைத்து ஒரு ரோல் எடுத்தேன்.

"தலையக் குனி. பொண்ணு மாதிரி இரு."

"நான் பொண்ணா இருந்தப்ப ஒரு படம் எடுக்கத் துப்பில்ல. இப்ப வந்துட்டாரு."

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நாலு பல்புக்கு அடியிலும் எரிகிறது. இந்த மண்டபம் இவ்வளவு இருட்டா?

13.10.1979, சனி

முப்பத்தாறு படம். முப்பத்தாறிலும் நல்லம்மாளுக்கு இரண்டு மூக்கு.

14.10.1979, ஞாயிறு

கை. என் கைதான். இருபது வருஷமாக இன்ஜினையும் சுத்தியலையும் பிடித்த கை. ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் ஆடுகிறதா, நான் பார்ப்பதால் ஆடுகிறதா தெரியவில்லை. முப்பத்தொன்பது வயதுதான் ஆகிறது. அதற்குள்ளா? நல்லம்மாளிடம் சொல்லவில்லை. அத்தையிடம் அன்றைக்கு வாய்ச்சவடால் விட்டேனே! தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு படம் ஒழுங்காக எடுக்க வக்கில்லை என்றால் நான் என்ன அண்ணன்?

23.10.1979, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. டிப்போ மிச்சத்தில் கால் அங்குல போல்ட் ஒன்று எடுத்தேன், கேமராவின் அடி மரைக்குச் சரியாகப் பொருந்துகிறது. போல்ட்டின் தலையில் ஓட்டை போட்டு ஒரு கயிறு கட்டினேன். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் கை ஆடாது. பெஞ்சில் வைத்துச் சரிபார்த்தேன். டிப்போப் பையன்கள், "சீனி அண்ணே, காத்தாடி விடுறீங்களா?" என்றார்கள். விடுகிறேன் போ.

3.11.1979, சனி

முதலில் என்னைத் திட்டிக்கொள்கிறேன். மடையன்.

போன ஞாயிறு கயிற்றோடு இன்னொரு ரோல் எடுத்தேன். இன்றைக்கு வாங்கப் போனால், மறுபடியும் ஆடியிருக்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் ஆட்டம்தான்.  அந்தப் பெரிய கேமராவை எடுத்துக்கொடு, தவணையில் கட்டுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆ லோக் நெகடிவை விளக்கில் பிடித்துப் பார்த்தான். "தெர்லாலு ஹீத்தாம்," என்றான். மிகவும் கறுப்பு. வெளிச்சம் போதாமல் எடுத்த நெகடிவ் வெளுத்துத்தான் இருக்கும். இது வெளிச்சத்தை அளவுக்கு மேல் குடித்திருக்கிறது. "லூ பூஞ்ஞா கேமரா சுடா பூத்தா." உன் கேமராவுக்குக் கண் குருடு.

கேமராவைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் வெளிச்சம் அளக்கிற குட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, மேலெல்லாம் சன்னமான மேடு பள்ளம். அந்தப் பள்ளம் அத்தனையிலும் சந்தனம். காய்ந்து, மண் மாதிரி. ஆயுத பூஜைப் பொட்டு! குங்குமத்தை அன்றைக்கே வேட்டி முனையால் துடைத்தேன், சந்தனம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்ட கேமரா, அடடா எவ்வளவு இருட்டு என்று கால் விநாடி, அரை விநாடி திறந்து வைத்திருக்கிறது. எந்தக் கை அவ்வளவு நேரம் நிற்கும்?

ஆ லோக்குக்கு விளங்க வைக்க முடியவில்லை. சாமிக்குக் காட்டினோம் என்றேன். "கேமரா பூன் செம்பஹ்யாங்?" கேமராவும் சாமி கும்பிடுமா என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும்.

பல்குத்தும் குச்சியாலும் பஞ்சாலும் ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். நல்லம்மாளிடம் கத்தினேன்: "பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலயா உனக்கு? சரியா கண்ணுல பாத்து அப்பியிருக்கே!"

"எனக்கென்ன தெரியும் அது கண்ணுன்னு? எந்தச் சாமானுக்கும் நெத்தியப் பாத்துத்தான் பொட்டு வைப்பாங்க. உங்க கேமராவுக்கு நெத்தி எங்க இருக்குன்னு எழுதி ஒட்டிட்டுப் போங்க!"

கோபம் நிற்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. கை நடுங்கவில்லை! கை நடுங்கவில்லை! பிறகு கொல்லைப்புறம் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

18.11.1979, ஞாயிறு

ஆ லோக்கின் பெரிய கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். சந்தனம் போன யாஷிகா ஒன்று, அது ஒன்று. அதே மண்டபம், அதே இருட்டு, அதே நல்லம்மாள். இந்தத் தடவை அவள் கழுத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை மங்களத்துக்கு. ஃபிளாஷ் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தபிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. எடுத்துவிட்டேன்.

24.11.1979, சனி

படங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன்.

பெரியது: 1.4-இல் முழுக்கத் திறந்தால் தெளிவாக வருகிற இடம் விரற்கடைதான். நெற்றிப்பொட்டு தெளிவாக இருந்தால் கழுத்துக் கயிறு மங்கல். உள்ளே கண்ணாடி 'டடக்' என்று மேலே போகிறது, அந்த அடியில் 1/30-இல் லேசான ஆட்டம். இருட்டில் பார்த்தால் எது தெளிவு, எது மங்கல் என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

யாஷிகா: உள்ளே இரண்டாகத் தெரிகிற உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால் தீர்ந்தது, இருட்டிலும் சேர்க்க முடிகிறது. சத்தமே இல்லை. 1.7-இல் மஞ்சள் விளக்கு எரிகிற எரியாத எல்லையில் நிற்கிறது. கயிற்றை மிதித்து, முழங்கையை விலாவில் ஒட்டி, பாதி மூச்சை விட்டு நிறுத்தி அமுக்கினால் பத்துக்கு எட்டு நன்றாக இருக்கிறது.

பழசே போதும். ஆ லோக்குக்கு வருத்தம். ஆனால் மங்களம் சிரிக்கிற படத்தை அவனாகவே பெரிதாகப் போட்டுக் கொடுத்தான்.

9.12.1979, ஞாயிறு

இருளாயி அத்தை வந்திருந்தார். மண்டபத்துக்குள் கறுப்பு வெள்ளை என்றதும் முகம் மாறியது.

"கறுப்பு வெள்ளையா? சாவு வீட்டுப் படம்லா அது! கலர்ல எடுங்க தம்பி. ஃபிளாஷ் போட்டா கலர் வரும்னு எங்க அண்ணன் சொல்றாரு."

"கோயில்ல ஃபிளாஷ் கூடாது அத்தை. சட்டம்." புளுகு. இனிமேல்தான் காரியதரிசியிடம் சொல்லி அதை உண்மையாக்க வேண்டும். "வெயில் வந்ததும் வெளிய வச்சு ஒரு ரோல் கலர்ல எடுத்துடுறேன்."

அரை மனதாகச் சரி என்றார். போன பிறகு மங்களம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"சொல்லிடலாம்ணே. அவங்க கெட்டவங்க மாதிரி தெரியல."

"தெரியல, தெரியலன்னுதான் மூணு எடத்துல தெரிஞ்சுச்சு. ஏழு வாரம் பொறு."

 சட்டி தேய்கிற சத்தம் பலமாகக் கேட்டது. நான் செய்வது சரிதானே?

26.1.1980, சனி

மண்டபத்தில் மினுக்குகிற டியூப்புக்கு ஸ்டார்ட்டர் மாற்றினேன். அப்படியும் நம்பிக்கையில்லை, கழற்றியே வைத்துவிட்டேன். மணவறைக்கு மேல் நூறு வாட்ஸ் பல்பு இரண்டு கூடுதலாக. வாசலில் 'ஃபிளாஷ் அடிக்கக் கூடாது' என்று பலகை, டிப்போ பெயிண்டர் எழுதியது. காரியதரிசி, "நல்ல சட்டம், எப்பருந்து?" என்றார். நேற்றிலிருந்து என்றேன். மங்களம் மாத்திரை சாப்பிட்டாள். நான் பார்த்தேன்.

28.1.1980, திங்கள்

கல்யாணம் முடிந்தது. நேற்று எழுத முடியவில்லை, கை எரிச்சல்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாலை மாற்றியது எடுத்தேன், ஓமத் தீ வெளிச்சத்தில் அவள் முகம் எடுத்தேன். ஆறு நாற்பதுக்கு ஐயர் தாலித் தட்டைச் சுற்றுக்கு அனுப்பினார். நான் மணவறைக்கு எதிரே கயிற்றை மிதித்து நின்று, அவள் கழுத்தில் உருவத்தை ஒன்றாக்கி, மூச்சைப் பாதி விட்டிருந்தேன். நாலு மாசமாக ஒத்திகை பார்த்த இடம். கெட்டிமேளம் ஆரம்பித்தது. பத்துமலை தாலியைக் கையில் எடுத்தான்.

அப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு கை நீண்டது. கையில் சின்ன கேமரா, அதன் தலையில், பக்கத்துக்கு ஒன்றாக நாலு தடவை எரிகிற சதுர ஃபிளாஷ் பல்பு. மாயாண்டி மாமா. இருளாயி அத்தையின் அண்ணன், பாகான் டத்தோவிலிருந்து முந்தின நாள்தான் வந்தவர். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தாய்மாமனுக்குப் பலகை எழுதி யார் சட்டம் சொல்வது? மங்களத்தின் முகத்துக்கும் அந்தப் பல்புக்கும் நடுவில் நாலு முழம்.

யோசிக்கவில்லை. என் கேமராவை விட்டேன், கழுத்து வாரில் தொங்கியது. எட்டி அவர் ஃபிளாஷை உள்ளங்கையால் பொத்தினேன். அதே நேரத்தில் அவர் அமுக்கிவிட்டார். சுரீர் என்றது. வெளிச்சம் என் விரலிடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது, வெளியே போகவில்லை. அவர் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. அந்தப் பல்பில் இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது, அதுதான் என் மண்டையில் ஓடியது. தள்ளினேன் போலிருக்கிறது. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பும்போது பத்துமலை மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தான்.

மங்களம் குனிந்தபடி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை!

"தாய்மாமன் மேல கை வச்சுட்டான்!" என்று மாயாண்டி மாமா எழுந்தார். மேளச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை, கேட்ட பாதிப் பேர் போதும். அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை. மாமாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். பத்துமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். வெயில் வந்ததும் வெளியே கலர் எடுத்தேன். மாமா வந்து நிற்கவில்லை.

2.2.1980, சனி

ஆ லோக் நன்றாகக் கழுவியிருக்கிறான். ஓமத் தீப் படம் மாதிரி நான் இதுவரை எடுத்ததில்லை. தாலி கட்டுகிற படம் இல்லை. அந்த இடத்தில் ஒரு நெகடிவ், முழுக்கச் சாய்ந்து, பாதி மண்டபத் தூண், பாதி யாருடைய முதுகோ. கேமராவை விட்டபோது விரல் பட்டு அமுங்கியிருக்கிறது.

10.2.1980, ஞாயிறு

ஆல்பத்தைத் தாப்பாவுக்குக் கொண்டுபோனேன். அத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து திருப்பினார்.

"தாலி கட்டுற படம் எங்க தம்பி?"

மங்களம் கதவோரம் நின்றாள். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டாள். எனக்குத் தைரியம் வரவில்லை. வந்து பதினாலு நாள்தான் ஆகிறது அவளுக்கு அந்த வீட்டில்.

"கை நடுங்கிருச்சு அத்தை."

"எங்க அண்ணன் எடுத்திருந்தாலாச்சும் ஒண்ணு இருந்திருக்கும். அவரையும் விடல, நீங்களும் எடுக்கல. என்ன மனுசன்லா நீங்க?"

 பதிலுக்குப் பேச எனக்கு வராதா? வரும். நன்றாகவே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பியைக் குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். பழைய பீடோர் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

21.4.1980, திங்கள்

மங்களம் கடிதம். நன்றாக இருக்கிறாளாம். அத்தை சாம்பாரில் குறை சொல்கிறாராம். இன்னும் சொல்லவில்லை. நான்தான் கொஞ்சம் பொறு என்று எழுதிப் போட்டேன். எதற்குப் பொறுக்கிறோம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

8.7.1980, செவ்வாய்

டிப்போவுக்கு போன். பத்துமலை. காலையில் அடுப்படியில் மங்களத்துக்கு வந்துவிட்டது. அவன் வேலைக்குப் போன பிறகு. வீட்டில் அம்மா மட்டும். மங்களம் நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்றான். "அம்மா?" என்று கேட்டேன். "அம்மா ஒண்ணும் பேசல மச்சான்," என்றான்.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை என்றால்...

போச்சு. எல்லாம் போச்சு. என்னாலதான் போச்சு. அவ அன்னிக்கே சொல்லலாம்னு சொன்னா. கேட்டனா நான்?

10.7.1980, வியாழன்

இன்றைக்கு மத்தியானம் இருளாயி அத்தை டிப்போவுக்கே வந்துவிட்டார். தனியாக, தாப்பா பஸ்ஸில். பஸ்ஸுக்கு அடியில் பழுதுபார்க்கும் குழிக்குள் இருந்து ஏறி வந்தேன், உடம்பெல்லாம் எண்ணெய். பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். சண்டை என்றால் ஆள் பார்க்காத இடத்தில் நடக்கட்டும் என்று.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"அடுப்புப் பக்கம் விழுந்தா. இழுத்து இந்தாண்ட போட்டேன். சாவிக்கொத்த கையில குடுத்தேன். எனக்கு வேற என்ன தெரியும்? செத்துட்டான்னு நெனைச்சுட்டேன் தம்பி. என்ன சீக்குன்னே தெரியாம, என்ன செய்யணும்னு தெரியாம, அந்தப் புள்ளய மடியில போட்டுக்கிட்டு ஒத்தையா உக்காந்திருந்தேன்."

"அத்தை..."

"இருங்க. எம்மவனுக்குத் தெரியும். உங்க பொண்டாட்டிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது. நான் என்ன பேயா? வீட்டுல அவகூட இருக்கப்போறவ நாந்தான்லா!"

 அவள் தலை அடுப்பில் பட்டிருந்தால்? ஆறு மாசமாக மாமியார் துரத்திவிடுவாள் என்று பயந்தேனே தவிர, இதை யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அன்னிக்கு எங்க அண்ணன் கேமராவப் பொத்துனது இதுக்குத்தானே?"

தலையாட்டினேன்.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தக் கேமராவ நானே புடுங்கி மடியில வச்சிருப்பேன்லா. உங்க கையும் வெந்திருக்காது. எனக்குப் படமும் கெடைச்சிருக்கும்."

நான் அழுதுவிட்டேன். எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் கரி. அத்தை, "போயி மூஞ்சியக் கழுவுங்க, பசங்க பாக்குறானுங்க," என்றார். மாத்திரை என்ன, எந்த நேரம், டாக்டர் பேர் என்ன, எல்லாம் கேட்டார். நான் ஒரு பஸ் டிக்கெட் கட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

8.2.1981, ஞாயிறு

மங்களத்துக்கு ஏழாம் மாசம். தாப்பாவில் வளைகாப்பு. காலையிலிருந்து மழை, வீடு இருட்டு. கறுப்பு வெள்ளை 400 போட்டுக்கொண்டு போனேன், அத்தை கலர் பேச்சையே எடுக்கவில்லை.

அத்தை உள்ளே உட்காரவில்லை. வாசலில் முக்காலி போட்டு, மடியில் ஒரு பிரம்புக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கூடையில் கேமரா. இரண்டு கேமரா, ஒரு தனி ஃபிளாஷ். வருகிறவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு மாயாண்டி மாமா வந்தார். அதே கேமரா தோளில். என்னைப் பார்த்ததும் அதைக் கையால் மறைத்துக்கொண்டார். அத்தை கூடையை நீட்டினார்.

"குடுண்ணே."

"எதுக்குக் குடுக்கணும்? இது என்ன கோயிலா?"

"எம்மருமவளுக்கு வலிப்பு இருக்கு. இந்த வெளிச்சம் ஆவாது. குடு."

மெதுவாகச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த முப்பது பேருக்கும் கேட்டது. வளையல் அடுக்குகிற சத்தம் நின்றது. நான் மங்களத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனியவில்லை. மாமா என்னை ஒரு தடவை பார்த்தார், என் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தார், கேமராவைக் கழற்றிக் கூடைக்குள் வைத்தார்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி கன்னத்தில் கை வைத்து, "ஐயோ பாவம், இவ்வளவு சின்னப் புள்ளைக்கா?" என்றாள்.

"பாவம் என்ன பாவம்? வளையலப் போடு," என்றார் அத்தை.